செயலாளர் ஆண்டறிக்கை: ஆபரேஷன் ஐவியோடு ஒரு வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு பாடகர், மாதம் ஒரு பாணி என்று தாவித் தாவிக் கேட்பதை நிறுத்திவிட்டு, வருடம் முழுக்க ஒரே குழுவை அடியிலிருந்து கேட்போம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் நாம் குடியிருக்கும் இந்தக் கிழக்கு விரிகுடாப் பகுதியிலேயே பிறந்த குழுவாக இருக்கட்டும் என்று இளைய உறுப்பினர்கள் கேட்டார்கள். அப்படி வந்ததுதான் ஆபரேஷன் ஐவி. பெர்க்லியில் 1987 மே மாதம் தொடங்கி 1989 மே மாதம் கலைந்துபோன ஸ்கா பங்க் குழு, அதாவது ஜமைக்காவின் ஸ்கா இசையோடு வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட பங்க் ராக்கைக் கலந்தவர்கள். ஆயுள் இரண்டே வருடம், முழு ஆல்பம் ஒன்றே ஒன்று. "இதை வைத்துக்கொண்டு வருடம் முழுக்க என்ன செய்வது?" என்று முதல் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. அவரே கடைசிக் கூட்டம் வரை ஒன்றுகூட விடாமல் வந்தார்.

கூட்டங்கள் வழக்கம்போல மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலை, நம் பொருளாளர் வீட்டு கராஜில் நடந்தன. இந்தக் குழு முதன்முதலில் ஆட்களுக்கு முன்னால் வாசித்ததும் டிரம்மர் டேவ் மெல்லோவின் வீட்டு கராஜில்தான் என்று படித்த அன்று, நம் மடக்கு நாற்காலிகளைக்கூட வேறு கண்ணோடு பார்த்தேன்.

முதல் இரண்டு கூட்டமும் ஸ்காவுக்கே போய்விட்டது. ஐம்பதுகளின் கடைசியில் ஜமைக்காவில் உருவான இசை அது. பிறகு அங்கிருந்து குடிபெயர்ந்தவர்களோடு பிரிட்டனுக்குப் போனது. 1979இல் கவென்ட்ரி நகரில் 'டூ டோன்' என்ற லேபிளை (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனத்தை) தொடங்கிய இளைஞர்கள், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்று, அதில் பங்கின் வேகத்தைக் கலந்தார்கள். இதையெல்லாம் நான் எழுதி வைத்துப் படித்தேன், யாருக்கும் பெரிதாக ஒட்டவில்லை. அப்புறம் நம் மூத்த உறுப்பினர், சிறு வயதில் மிருதங்கம் கற்றவர், தொடையில் தாளம் போட்டுக் காட்டினார். "அரை இடம் தள்ளி எடுப்பு மாதிரி நினைச்சுக்கோங்க. தட்டு விழுற இடத்துல கிட்டார் சும்மா இருக்கும், அடுத்த அரைக்குத்தான் வெட்டும்" என்றார். அவர் தட்டத் தட்ட, கல்லூரி மாணவர் ஒருவர் அந்த இடைவெளியில் மட்டும் கிட்டார் கம்பியைக் கீழிருந்து மேலாகச் சுண்டினார். பத்தே விநாடிதான், கராஜில் பாதிப் பேரின் தோள் தானாக ஆடத் தொடங்கிவிட்டது. உடனே 'யூனிட்டி' பாட்டைப் போட்டோம். அதில் மேட் ஃப்ரீமனின் பேஸ் கிட்டார் ஒரு இடத்திலும் உட்காராமல் ஓடிக்கொண்டே இருப்பதை அன்றைக்குத்தான் நான் சரியாகக் கேட்டேன். சண்டையை விட்டு ஒன்றுசேரச் சொல்லும் பாட்டு அது.

ஸ்கா என்றாலே டிரம்பெட், டிராம்போன் என்று ஊதுபவர்கள் வரிசையாக நிற்பார்கள். இவர்களிடம் அது கிடையாது. 'பேட் டவுன்' பாட்டில் ஒரு சாக்ஸபோன் வரும், மற்றபடி கிட்டார், பேஸ், டிரம்ஸ், ஒரு குரல், அவ்வளவுதான். குரல் ஜெஸ்ஸி மைக்கேல்ஸ். எழுத்தாளர் லெனார்ட் மைக்கேல்ஸின் மகன். ஆல்பத்தின் அட்டை ஓவியமும் அவர் வரைந்ததே. கிட்டார் டிம் ஆம்ஸ்ட்ராங், அப்போது 'லின்ட்' என்று பெயர் போட்டுக்கொண்டவர். அவரும் ஃப்ரீமனும் பக்கத்து ஊரான ஆல்பனியில் சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள்.

குழுவின் பெயரைப் பற்றிப் பேசிய மாலை கனமாக இருந்தது. 1952 நவம்பரில் மார்ஷல் தீவுகளில் உள்ள எனிவெடாக் பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனைத் தொடரின் பெயர்தான் ஆபரேஷன் ஐவி. அதன் முதல் வெடிப்பு, உலகின் முதல் பெரிய ஹைட்ரஜன் குண்டு. எலுகெலாப் என்ற தீவே இல்லாமல் போனது. அந்தப் பெயரைத் தாங்கிக்கொண்டு, ஒற்றுமை பற்றியும் தனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியாது என்பது பற்றியும் பாடினார்கள் இருபதை ஒட்டிய வயதுப் பையன்கள். பனிப்போர் இன்னும் முடியாத காலம் அது என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருந்தது.

இனி, நான் அதிகம் சொல்ல விரும்புவது பெர்க்லியில் கில்மன் தெரு 924ஆம் எண் கட்டடத்தில் உள்ள பங்க் இசை அரங்கு பற்றி. ஜூன் மாதம் பதினான்கு பேர் அங்கே போய்வந்தோம். 1986 டிசம்பர் 31 அன்று திறந்த இடம், இன்றும் நடக்கிறது. முதலாளி கிடையாது. வாசலில் டிக்கெட் கொடுப்பவர், ஒலி பார்ப்பவர், கடைசியில் தரையைக் கூட்டுபவர் எல்லாருமே தன்னார்வலர்கள். உறுப்பினர் அட்டை வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். மது, போதை, அடிதடி, இனவெறி, பெண்களை இழிவு செய்வது எதுவும் கூடாது என்ற விதிகளைச் சுவரிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். உள்ளே ஒரு அங்குலம்கூட வெறுமையாக இல்லை, ஒரு கிறுக்கலின் மேல் இன்னொரு கிறுக்கல், அதன் மேல் ஸ்டிக்கர். மேடை என் முழங்காலைவிடக் கொஞ்சம்தான் உயரம். பாடுகிறவரும் கேட்கிறவரும் கிட்டத்தட்ட ஒரே தரையில். நம்மோடு வந்த பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி மேடை விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்கேயா?" என்று கேட்டாள். ஆமாம், இங்கேதான்.

நம் சங்கத்தின் ஆண்டறிக்கையில் இவ்வளவு இடம் இதற்கு ஏன் என்றால், அந்தக் குழு அந்த இடத்தின் பிள்ளை என்பதால். ஆல்பத்தை முதலில் கில்மனிலேயே பதிவு செய்து பார்த்தார்கள், சரிவரவில்லை. பிறகு சான் பிரான்சிஸ்கோவில் ஒரு ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர் கெவின் ஆர்மியோடு பதிந்தார்கள். அதற்கு முன் 1988இல் 'ஹெக்டிக்' என்று ஆறு பாட்டுச் சிறிய இசைத்தட்டு வந்தது. அது புதிதாகத் தொடங்கியிருந்த லுக்கவுட் லேபிளின் ஆரம்ப வெளியீடுகளில் ஒன்று. அதே வருடம் ஒரு பழைய கிரைஸ்லர் காரில் அடைந்துகொண்டு நாடு முழுக்கச் சுற்றி வாசித்தார்கள். 1989இல் 19 பாட்டுகளோடு 'எனர்ஜி' வந்தது. அந்த மே 28ஆம் தேதி கில்மனில் கொள்ளாத கூட்டத்துக்கு முன்னால் கடைசிப் பொது நிகழ்ச்சி. அன்றைக்கு இவர்களுக்கு முன்னால் வாசித்த குழுக்களில் ஒன்று, அப்போதுதான் பெயர் மாற்றியிருந்த, பின்னாளில் பெரிய பெயர் எடுத்த கிரீன் டே.

பெயர் பரவத் தொடங்கிய நேரத்தில் ஏன் நிறுத்தினார்கள் என்று ஒரு கூட்டம் முழுக்க வாதாடினோம். கூட்டம் பெருகியது, பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்த்தன, அந்த வெளிச்சம் மைக்கேல்ஸுக்குச் சுகமாக இல்லை. என் கருத்து, அது சரியான முடிவு. தலைவர் உடன்படவில்லை. இன்னும் இரண்டு ஆல்பமாவது கிடைத்திருக்கும் என்பது அவர் வருத்தம். அந்த வருத்தமும் எனக்குப் புரிகிறது.

கலைந்த பிறகுதான் அவர்கள் பெருகினார்கள். 1990இல் கிரீன் டே இவர்களுடைய 'நாலெட்ஜ்' பாட்டைத் தங்கள் சிறிய இசைத்தட்டு ஒன்றில் பாடிப் பதிந்தார்கள். பின்னாளில் பெரிய அரங்குகளில் அதே பாட்டுக்குக் கூட்டத்திலிருந்து பையன்களையும் பெண்களையும் மேடையேற்றி வாத்தியத்தைக் கையில் கொடுத்தார்கள். கில்மன் பழக்கம் விட்டுப்போகவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். 1991இல் 'எனர்ஜி', 'ஹெக்டிக்' பாட்டுகளோடு இன்னும் இரண்டு பாட்டும் சேர்த்து 27 பாட்டு சிடியாக வந்தது. பலர் கைக்குப் போனது அதுதான். அதே வருடம் ஆம்ஸ்ட்ராங்கும் ஃப்ரீமனும் ரேன்சிட் குழுவைத் தொடங்கினார்கள். 1995இல் வந்த அவர்கள் ஆல்பத்தில் இந்தப் பழைய குழுவின் கதையையே ஒரு பாட்டாகச் சொல்லியிருக்கிறார்கள். மைக்கேல்ஸ் பிறகு காமன் ரைடர் குழுவில் பாடினார். தொண்ணூறுகளின் நடுவில் ஸ்கா பங்க் வானொலி வரை போனபோது, அதில் பலர் திரும்பிப் பார்த்தது இந்த ஒற்றை ஆல்பத்தைத்தான். 2007இல் ஆம்ஸ்ட்ராங்கின் ஹெல்கேட் லேபிள் அதை மறுவெளியீடு செய்தது.

நாம் வாங்கிய இசைத்தட்டு பற்றியும் சொல்ல வேண்டும். தபாலில் வந்தது வெயிலில் நெளிந்திருந்தது. ஊசி அலைமேல் படகு மாதிரி ஏறி இறங்கியது. கடையில் மாற்றித் தர ஐந்து வாரம் இழுத்தடித்ததால் செப்டம்பர் கூட்டத்தைக் கைப்பேசியில் கேட்டே ஓட்டினோம். உறுப்பினர்களின் பொறுமைக்கு நன்றி.

கில்மன் போய்வந்த பிறகு ஜூலைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது: நாற்காலி போடுவது, காபி போடுவது, கடைசியில் கராஜைப் பெருக்குவது இனி பொருளாளர் வீட்டாரின் வேலை அல்ல, முறை வைத்து எல்லாரும் செய்வோம் என்று. அன்றிலிருந்து ஒரு மாதம்கூட முறை தவறவில்லை. அடுத்த மாதம் என் முறை, துடைப்பம் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

வரும் ஆண்டுக்கு இரண்டு யோசனைகள் வந்துள்ளன: ஜமைக்காவின் ஸ்கடலைட்ஸ், இல்லையென்றால் கவென்ட்ரியின் ஸ்பெஷல்ஸ். இன்று கையுயர்த்தி முடிவு செய்வோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்