கரன்ட் போனால் எது ஓடும்? சோலார் மாட்டித் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

வீடுகளுக்குச் சோலார் பொருத்தித் தரும் நிறுவனத்தாருக்கும் இன்வெர்ட்டர், பேட்டரி விற்கும் கடைக்காரர்களுக்கும்,

வணக்கம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகும் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகும், கரன்ட் வராத தெருக்களில் ஒரே கூத்துதான். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மொட்டை மாடியில் 3 கிலோவாட் பேனல் கழுவி வைத்தது போலப் பளபளக்கிறது. கீழே ஒரு ஃபேன்கூடச் சுற்றவில்லை, மேல்தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. "உங்க வீட்லதான் சோலார் இருக்கே, மோட்டார் போட்டு ரெண்டு குடம் குடுங்களேன்" என்று வந்து நிற்கும் பக்கத்து வீட்டாருக்கு, ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவழித்தவர் என்ன பதில் சொல்வார்?

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் வெளி லைனின் வோல்ட்டேஜைப் பார்த்துத்தான் ஓடும். லைன் செத்தால் 2 வினாடிக்குள் அதுவும் நின்றுவிட வேண்டும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிர் அதில் இருக்கிறது. அந்த விதியில் யாருக்கும் குறையில்லை. அட்வான்ஸ் வாங்கும்வரை அதை வாய்திறந்து சொல்லாமல் இருப்பதுதான் குறை. "ஜீரோ பில்" என்று முழ நீளத்துக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு, "கரன்ட் போனால் இதுவும் போகும்" என்று ஒரு வரி எழுத இடமில்லாமல் போனது ஆச்சரியம்தான்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. நீங்கள் தரும் ஒவ்வொரு கொட்டேஷனிலும், கரன்ட் போனால் எது ஓடும், எத்தனை மணி நேரம் ஓடும், எது ஓடவே ஓடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.

தண்ணீர் மோட்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது இழுப்பது ஏறக்குறைய 1,000 வாட். அரை மணி நேரம் ஓடித் தொட்டி நிரம்பினால் அரை யூனிட்தான் செலவு. இந்தக் கணக்கைக் காட்டி, பேட்டரியோடு சேர்ந்து கரன்ட் இல்லாதபோதும் ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரை விற்க, "3 கே.வி.ஏ. ஹைபிரிட் போதும் சார், மோட்டாரெல்லாம் தாராளமா ஓடும்" என்கிறீர்கள். ஓடாது. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல நாலைந்து மடங்கு கரன்ட் கேட்கும், அதாவது 25 முதல் 35 ஆம்பியர். 3 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் ஓவர்லோடு காட்டி நிற்கும். இன்வெர்ட்டர் தாங்கினாலும், லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் சர்க்யூட் தாங்காமல் வெட்டிவிடுவதும் உண்டு. மோட்டாரையும் ஓட்ட வேண்டுமென்றால், இரு மடங்கு சுமையைச் சில வினாடி தாங்கும் 5 கே.வி.ஏ. வேண்டும். கீழ்த்தொட்டி உள்ள வீடென்றால் இன்னும் மலிவான வழி இருக்கிறது: அவசரத்துக்கென்று தனியாக ஓர் அரை ஹெச்.பி. மோட்டார். இரண்டில் எதையும் சொல்லாமல் விற்றுவிட்டு, புயலுக்கு மறுநாள் போனை எடுக்காமல் இருப்பது நியாயமா?

பேட்டரிக் கணக்கும் இதே லட்சணம்தான். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியை, அதாவது ஆசிட் ஊற்றிய வழக்கமான ஈய பேட்டரியை, பெருக்கிப் பார்த்து 1,800 வாட்-மணி என்கிறீர்கள். ஆயுள் குறையாமல் இருக்க அதில் பாதியைத்தான் இறக்கலாம். இன்வெர்ட்டர் 15 சதவீதம் தின்னும். கைக்கு வருவது 765 வாட்-மணி. பழைய 75 வாட் ஃபேன் 2, 9 வாட் எல்.இ.டி. விளக்கு 3, வைஃபை ரவுட்டர் 10 வாட் எல்லாம் சேர்ந்தால் 187 வாட், நாலு மணி நேரம். அதே ஃபேன்களை 30 வாட் மட்டும் இழுக்கும் பி.எல்.டி.சி. வகையாக மாற்றினால் மொத்தம் 97 வாட், ஏறக்குறைய எட்டு மணி நேரம். இரண்டாவது பேட்டரியை விட இது மலிவு. பேட்டரிக் கடையில் இந்த யோசனை கிடைக்காததன் காரணத்தை நாங்கள் கேட்கவில்லை.

டியூபுலர் பேட்டரியைக் காற்றே புகாத மாடிப்படி அடியில் அடைத்து வைக்கிறீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும் என்பதை நாங்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. லித்தியத்தை மாட்டிவிட்டு இன்வெர்ட்டரை டியூபுலர் மோடிலேயே விட்டுப் போகிறீர்கள். டியூபுலருக்கென்று அவ்வப்போது கூட்டிக் கொடுக்கும் ஈக்வலைசேஷன் வோல்ட்டேஜ் ஏறியதும் பி.எம்.எஸ். கட் ஆகிறது. உடனே "பேட்டரி டிஃபெக்ட்" என்று வாரண்டிக்கு அலைய விடுகிறீர்கள். பழைய வீடுகளில் இரண்டு சர்க்யூட்டுக்கும் ஒரே நியூட்ரல் ஓடுகிறதா என்று பார்க்காமல் பேக்கப் லைனைப் பிரித்துக் கொடுத்தால், கரன்ட் கசிந்தால் லைனை வெட்டி ஷாக்கிலிருந்து காக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டேதான் இருக்கும். அதைச் சரி செய்ய உங்கள் ஆள் செய்யும் வைத்தியம் ஆர்.சி.சி.பி.யையே கழற்றி வைப்பது! பேனலிலிருந்து வருவது டி.சி. மின்சாரம்; அந்தப் பக்கம் டி.சி. எம்.சி.பி. (தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச்) போட வேண்டிய இடத்தில் வீட்டுக்குப் போடும் ஏ.சி. எம்.சி.பி.யைப் போட்டால், சுவிட்ச் விழும்போது எழும் தீப்பொறி (டி.சி. ஆர்க்) அணையாமல் பெட்டியே எரியும்.

சிறிய வீட்டுக்காரரை ஏமாற்றுவது இன்னும் சுலபம். 335 வாட், 72 செல் பேனலை 12 வோல்ட் பேட்டரிக்கு மலிவான பி.டபிள்யூ.எம். சார்ஜ் கன்ட்ரோலர் வழியாகக் கொடுக்கிறீர்கள். அது பேனலின் வோல்ட்டேஜைப் பேட்டரியின் அளவுக்கே இழுத்துவிடும். பேனல் தருவது 9 ஆம்பியர், பேட்டரி நிற்பது 13 வோல்ட்டில். 120 வாட் வந்தாலே அதிகம், மீதி மாடியிலேயே வீண். மிச்ச வோல்ட்டேஜையும் கரன்ட்டாக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலரின் கூடுதல் விலையை அவரிடம் சொல்லியிருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்?

உங்களை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு, பேட்டரிக்கென்று தனியாக எதுவும் இல்லை. ஆண்டுதோறும் புயல் வரும் கடற்கரையில் இருப்பவனுக்கும் புயலே பார்க்காத ஊர்க்காரனுக்கும் ஒரே அளவுகோல். வெயில் அடிக்கும்போது லைனும் உயிரோடு இருக்கும் என்று டெல்லியில் யாரோ உறுதி கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. அது வேறு கதை, அதற்கு வேறு மடல்.

உங்களிடம் கேட்பதற்குத் திரும்புகிறோம். கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலை தெரிந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் உண்டு. எர்த்திங் குழியைப் பேனலுக்கு, இன்வெர்ட்டருக்கு, இடிதாங்கிக்கு என்று மூன்றாகத் தோண்டிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுவோம் என்று நிற்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்த ஒரு வரி எழுதுவது ஐந்து நிமிட வேலை. ஆன்-கிரிட் என்றால் "கரன்ட் போனால் ஓடாது" என்று தமிழில், பெரிய எழுத்தில் போடுங்கள். ஹைபிரிட் என்றால் எந்த ஃபேன், எந்த விளக்கு, மோட்டார் உண்டா இல்லையா, எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். வேலை முடிந்த அன்று வீட்டுக்காரர் முன்னாலேயே மெயின் சுவிட்சை அணைத்து, எழுதியது எழுதியபடி ஓடுகிறதா என்று காட்டிவிட்டுப் பாக்கிப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். அதற்கு முன் போடும் கொட்டேஷன்களிலிருந்தாவது இதைத் தொடங்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மொட்டை மாடியில் பேனலும் கையில் மெழுகுவர்த்தியுமாக நிற்கும் வீட்டுக்காரர்கள்