கதிர்காம அடியார்களின் கால் பார்த்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து வேலோடு கதிர்காமத்துக்குப் புறப்பட்டு, முல்லைத்தீவு, புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி என்று நடந்து வந்த பாதயாத்திரை அடியார்கள் கோணேசப் பெருமானைக் கும்பிட்டுவிட்டு, கிண்ணியா தாண்டி வெருகல் பக்கம் போய்விட்டார்கள். இனி மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, அதற்குப் பிறகு குமண, யால காடு. ஒன்றரை மாதத்துக்கும் மேலான அந்த நடையில் திருகோணமலையில் நாங்கள் போட்ட தண்ணீர்ப்பந்தல் ஒரு பொழுது நிழல்தான். அந்த ஒரு பொழுதுக்கு எத்தனை பேருடைய கைகள் வேண்டியிருந்தன என்பது கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

யார் என்ன செய்தீர்கள், அது ஏன் பெரிய உதவி என்பதை விவரமாகவே எழுதுகிறோம். வேறு ஊரில் பந்தல் போட நினைப்பவர்களுக்கும் இது பயன்படட்டும். பெயர் ஒன்றும் போடவில்லை. கொடுத்தவர் பெயரைப் பலகையில் எழுதுவதில்லை, ஒலிபெருக்கியில் சொல்வதில்லை என்பது பந்தலின் முதல் நாளிலிருந்து இருக்கும் வழக்கம்.

முதல் நன்றி, உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே போட்டு வைத்த வீடுகளுக்கு. ஒரு பிடி ஏறக்குறைய 45 கிராம் வரும். ஒரு மாதத்தில் 1 கிலோ 350 கிராம். மூன்று வீட்டுப் பிடியரிசி சேர்ந்தால் 4 கிலோ. அது நூறு பேருக்குக் காலைக் கஞ்சி. காசு கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. காசு ஒரு நாள் கொடுத்து மறந்துபோகிற சங்கதி. பிடியரிசியோ தினமும் காலையில், நம் வீட்டுப் பசிக்கு அளக்கும்போதே முகம் தெரியாத ஒருவருடைய பசியையும் நினைக்க வைக்கிறது. பிரார்த்தனைக்கு நேரமில்லை என்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் ஆன்மிகப் பயிற்சி இதுதான்.

இதில் வரும் சிக்கல்கள் இரண்டு. ஒன்று வண்டு. அதற்குப் பயந்து அரிசியை வெயிலில் காயப்போட்டால் அரிசி வெடித்து நொறுங்கிவிடும். நிழலில் உலர்த்தி, மூடி இறுகிய டின்னில் வேப்பிலையோ காய்ந்த மிளகாயோ போட்டு வைத்த வீடுகளின் அரிசிதான் சுத்தமாக வந்தது. மற்றது கலப்பு. சம்பா, நாடு, சிவப்புப் பச்சை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால், சோறாக வடிக்கும்போது ஒன்று குழையும், ஒன்று வேகாது. கலப்பு அரிசியைக் கஞ்சிக்கும், ஒரே இன அரிசியைச் சோற்றுக்கும் என்று இரண்டு சாக்காகப் பிரித்து அனுப்பிய பாலையூற்று அம்மாமாருக்குத் தனி வணக்கம். அந்த ஒரு வேலையால் சமையல் கொட்டிலில் பாதித் தலையிடி தீர்ந்தது.

கஞ்சி காய்ச்சிய அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் நன்றி. நூறு பேருக்கு 4 கிலோ அரிசி, 1 கிலோ வறுத்த பயறு, 35 லீற்றர் தண்ணீர், 12 தேங்காய். கப்பிப்பாலில் (முதற்பாலுக்குப் பிறகு பிழிந்த ஐதான தேங்காய்ப்பாலில்) அரிசி முழுதாகக் குழைந்த பிறகு தீயை இழுத்துவிட்டு, வல்லாரையும் முருங்கையிலையும் அரைத்து வடித்த சாறு, அதற்குப் பின் முதற்பால், கடைசியாக உப்பு. சாற்றைக் கொதிக்க விட்டால் பச்சை நிறம் போய்க் கசக்கும். முதற்பாலைக் கொதிக்க விட்டால் திரைந்துவிடும். அகப்பை அடியைத் தொட்டுத் தொட்டு வர வேண்டும். கிடாரத்தின் அடி ஒரு இடத்தில் பிடித்தாலும் முழுக் கஞ்சியும் புகை மணக்கும், அதை மறைக்க வழியே இல்லை.

மத்தியானச் சோற்றை 11 மணிக்கு ஒரு கிடாரம், 1 மணிக்கு ஒரு கிடாரம் என்று இரண்டு தரமாக வடித்தது உங்கள் அனுபவ அறிவு. எல்லாவற்றையும் விடியவே வடித்து மூடி வைத்தால், நடுச்சோறு மணிக்கணக்காக இளஞ்சூட்டிலேயே கிடக்கும். சோற்றில் கிருமி பெருக அந்தச் சூடு போதும், திரும்பச் சூடாக்கினாலும் அது கக்கும் நஞ்சு போகாது. நடக்கிறவருக்கு வயிற்றோட்டம் வந்தால் யாத்திரை அதோடு நின்றுவிடும். ஆகவே மிஞ்சியதை இரவுக்கு வைக்காமல், ஒவ்வொரு தரமும் அளவாக வடித்தீர்கள்.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் கூடவே எழுத வேண்டும். ஆனி மாதக் கச்சான் காற்று அடிக்கும்போது வியர்வை தோலில் நிற்காது, வந்த உடனே காய்ந்துவிடும். வியர்க்கவில்லை என்று அடியார் நினைப்பார். சட்டையில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். அப்படி வருபவர் பச்சைத்தண்ணீரை மட்டும் லீற்றர் லீற்றராகக் குடித்தால் உடம்பில் மிஞ்சியிருக்கும் உப்பும் ஐதாகிப்போய்த் தலையிடி, ஓங்காளம், மயக்கம் வரும். அதற்காகத்தான் இரண்டு பானை. ஒன்றில் கொதித்தாறிய தண்ணீர். சிவப்புத் துணி கட்டிய மற்றதில் உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர். லீற்றருக்கு மட்டமாக வழித்த 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. 20 லீற்றர் வாளிக்கு நிறுத்துப் போட்டால் 500 கிராம் சீனி, 60 கிராம் உப்பு. கரண்டியைக் கும்பமாக அள்ளுவதுதான் வழக்கமான பிழை. உப்பு கூடினால் ஆபத்து, சீனி கூடினால் வயிற்றோட்டம் கூடும். தராசைக் கொண்டுவந்து வைத்து, காலையும் மாலையும் புதிதாகக் கரைத்து, பழையதை ஊற்றிவிட்ட தம்பிமாருக்கு நன்றி. சீனி வருத்தமோ (நீரிழிவு) பிரஷரோ உள்ளவர்களைக் கேட்டறிந்து சிவப்புப் பானைக்கு விடாமல் திருப்பியதும் நீங்கள்தான். கிண்ணியாவிலிருந்து தயிர்ச் சட்டி அனுப்பிய முஸ்லிம் சகோதரர்களே, நீங்கள் தந்த தயிரில் கரைத்த மோரைத்தான் அடியார்கள் அதிகம் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

பேச்சுக் குழறி, நடை தடுமாறி, உடம்பு கொதித்தால் அது களைப்பு அல்ல. வியர்த்தாலும் வியர்க்காவிட்டாலும் உடனே நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறி, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சைக் கூப்பிட வேண்டும். தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும். இதைப் பந்தலில் நின்ற ஒவ்வொருவருக்கும் வாய்ப்பாடம் ஆகும்வரை சொல்லித் தந்த மருத்துவருக்கு நன்றி.

இனி, கால்.

ஓய்வு நாளில் வந்து கால் கழுவிய தாதியரே, உங்களுக்கு எழுதும்போது சொல் தட்டுப்படுகிறது. நீங்கள் செய்த ஒழுங்கை அப்படியே எழுதி வைக்கிறோம். கழுவுவதற்கு முன் ஒரு கேள்வி, “சாமிக்குச் சீனி வருத்தம் இருக்கா?” பிறகு டோர்ச் அடித்து உள்ளங்கால், குதி, விரலிடுக்கு எல்லாம் பார்ப்பது. சீனி வருத்தம் நாட்பட்டவருக்குக் காலில் உணர்வு குறைந்திருக்கும். தார் வீதி சுட்டுத் தோல் உரிந்தாலும், முள் ஏறி இரண்டு நாளானாலும் அவருக்குத் தெரியாது. நோவில்லை என்று அவர் சொல்வதை நம்பாமல் கண்ணால் பார்ப்பதுதான் இரக்கம். தண்ணீரின் சூட்டை அவர் கால் சொல்லாது, ஆகவே உங்கள் முழங்கையை வைத்துப் பார்த்தீர்கள். வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறவும் விடவில்லை, ஏனென்றால் ஊறிய தோல் அடுத்த மைலில் கிழியும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஒற்றி உலர்த்தி, குதிவெடிப்புக்கு மட்டும் தேங்காயெண்ணெய். இடுக்கில் எண்ணெய் பூசினால் ஈரம் தங்கிப் புண்ணாகும்.

சின்னக் கொப்புளத்தை உடைக்காமல் துணி வைத்து மூடியே விட்டீர்கள். பெரிதாகி மிதிக்க முடியாமல் இருந்தால் மட்டும், கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல் தோலை அப்படியே படிய விட்டீர்கள். அந்தத் தோல்தான் நல்ல மருந்துச்சீலை. அதை உரித்தெடுப்பதும், பற்பசை, மஞ்சள், சாம்பல் பூசுவதும்தான் புண் பழுக்கக் காரணம். சீனி வருத்தக்காரரின் கொப்புளத்தில் ஊசியே படவில்லை. வீக்கம், மணம், காய்ச்சல், மேலே ஏறும் சிவப்புக் கோடு, இவற்றில் ஒன்று கண்டாலும் நேரே ஆஸ்பத்திரிதான்.

நேர்த்தி வைத்தவர் நிற்க மாட்டேன் என்பார். அவரோடு வாதாடினால் கால் வேகமாக நடக்கும். அதே கூட்டத்தில் மூத்த சாமி ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு நாள் தங்கினால் நேர்த்தி குறையாது என்று அவர் வாயால் சொல்ல வைத்தது நல்ல யுக்தி.

கால் துடைத்த துணிகள் எல்லாம் திருமலை வீடுகளின் பழைய பருத்தி வேட்டிகள். தோய்த்து, பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் காயவைத்து, ஒரு சாண் சதுரமாக வெட்டி அடுக்கியிருந்தீர்கள். ஒருவருக்கு ஒரு துணி, ஒருவருக்கு ஒரு தண்ணீர். ஒரு வேட்டியின் கரை மட்டும் வெட்டப்படாமல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இறந்துபோன தகப்பனுடைய வேட்டியாம். கரையை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள், துணியைக் கால்களுக்குத் தந்தார்கள்.

துக்கத்தோடு வந்தவர்கள் பலர். எங்களுக்குத் தெரிந்த அளவில் ஒன்று சொல்லலாம். மனம் கனத்திருப்பவரைப் பரிமாறும் வரிசையில் முன்னால் நிறுத்தக் கூடாது. அங்கே நூறு முகத்துக்கும் சிரிக்க வேண்டும், அது அவருக்குச் சித்திரவதை. துணி வெட்டுவது, கீரை ஆய்வது, தேங்காய் துருவுவது போல ஆரம்பமும் முடிவும் உள்ள கைவேலையை, அதிகம் பேசாத ஒருவருக்குப் பக்கத்தில் இருத்திக் கொடுக்க வேண்டும். ஆறுதல் சொல்ல வேண்டாம். இரண்டாம் நாள் அவரே எழும்பிப் போய்ச் செம்பில் தண்ணீர் வார்ப்பார். அப்படி எழும்பிப் போனவர்களைக் கண்டோம், அவர்களுக்கும் நன்றி.

உவர்மலையிலிருந்து தினமும் விடிய நான்கரைக்கு வந்து எல்லோரையும் இருபது நிமிடம் தியானத்தில் இருக்க வைத்த ரீச்சர் அம்மாவுக்கு நன்றி. முதுகை நிமிர்த்தி இருந்து, மூச்சை அடக்காமல், வெளிமூச்சை ஒன்று முதல் பத்துவரை எண்ணித் திரும்பத் தொடங்குவது. எண்ணிக்கை தவறினால் கவலைப்படாமல் மீண்டும் ஒன்று. கடைசி ஐந்து நிமிடம், “நலமாக இருக்கட்டும்” என்ற நினைப்பை முதலில் தனக்கு, பிறகு பிரியமான ஒருவருக்கு, பிறகு இன்று வரப்போகும் அறியாத அடியாருக்கு, கடைசியில் மனத்தாங்கல் உள்ளவருக்கு. இந்த வரிசையை மாற்றிக் கோபக்காரரிடம் தொடங்கியவர்கள் கோபத்தோடேயே எழும்பினார்கள். உருக்கம் வரவில்லையே என்று முயன்று வரவழைக்கவும் வேண்டாம், நினைப்பைச் சொன்னால் போதும் என்றும் அம்மா சொல்லித் தந்தார்.

அந்த இருபது நிமிடத்தின் பயன் பதினொரு மணிக்குத் தெரியும். வெக்கை, புகை, கால் கடுப்பு, வரிசையில் தள்ளுமுள்ளு. அன்பாகத் தொடங்கியவர் சள்ளென்று விழுவது அந்த நேரத்தில்தான். பெரும்பாலும் காரணம் குணமல்ல, பசி. பரிமாறுபவர் முதலில் அரை வயிறு சாப்பிட வேண்டும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும் என்று ஒழுங்கு வைத்த பிறகு குரல்கள் தணிந்தன. அகப்பையைச் சரிக்குமுன் முகத்தைப் பார்ப்பது, “போதுமா சாமி?” என்று கேட்டுப் பதில் வரும்வரை காத்திருப்பது, இவையும் காலையில் தியானத்தில் இருந்து பழகியதன் தொடர்ச்சிதான். பந்தலில் நின்றவர்கள் களைத்துப்போயும் முகம் மலர்ந்தே வீடு போனார்கள். தங்களைப் பற்றி நினைக்க அன்று அவர்களுக்கு நேரமே இருக்கவில்லை.

குப்பை பொறுக்கிய பிள்ளைகளுக்கு அன்பு. கோட்டைக்குள்ளும் வீதியிலும் திரியும் நம் ஊர் மான்கள் சோறு மணக்கும் பொலித்தீனை அப்படியே விழுங்கிவிடும். அது இரைப்பையில் அடைத்துச் சாகும். ஆகவே எல்லாம் வாழையிலை. மிஞ்சிய சோற்றையும் மானுக்கு வைக்கவில்லை, அசைபோடும் விலங்குக்கு அது வயிற்றில் புளித்து நோய் தரும். காய்த்தோலும் தின்னக்கூடிய இலையும் மட்டும் வைத்தீர்கள்.

விறகு தந்தவர்கள், லொறி ஓட்டியவர்கள், பந்தலுக்குக் கிடுகு வேய்ந்தவர்கள், மின்விளக்குப் பூட்டியவர்கள், இரவுக் காவல் இருந்தவர்கள் அனைவருக்கும் எங்கள் கைகூப்பு.

இரவலாக வந்த கிடாரங்கள் எல்லாம் மினுக்கித் திருப்பிக் கொடுத்தாயிற்று. மடத்தடிப் பக்கமிருந்து வந்த பித்தளைக் குடம் ஒன்று, மூடியில்லாத பிடியரிசி டின்கள் மூன்று, பச்சைக்கரைச் சால்வை ஒன்று இன்னும் எங்களிடம் இருக்கின்றன. உரியவர்கள் எந்த நாளும் மாலை ஐந்துக்குப் பிறகு வந்து எடுக்கலாம். டின்களைக் கழுவிக் காயவைத்து, புதிதாக வேப்பிலை போட்டு வைத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
தண்ணீர்ப்பந்தல் அடியார்கள்,
திருகோணமலை.