படத்தில் இருப்பது கார்பைடு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் சேலத்து மாம்பழத்தைக் கெமிக்கல் போட்டுப் பழுக்க வைக்கிறார்கள் என்று வந்த கட்டுரையைப் படித்தேன். கோபத்தோடு எழுதியிருக்கிறார்கள், அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் கூடவே போட்ட படத்துக்கு 'கார்பைடு ஊற்றும் இயந்திரம்' என்று குறிப்பு கொடுத்திருக்கிறீர்கள். கார்பைடு என்பது காயைப் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமாகப் போடுகிற கல். அதை எப்படி ஊற்றுவது? முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவளுக்கு அதைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

படத்தில் இருக்கிற அந்தப் பெட்டியை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். என் பழைய மாணவன் ஒருவன் பழ மண்டி வைத்திருக்கிறான். சேர்வராயன் மலையடிவாரத்தில் அயோத்தியாப்பட்டணம், வரகம்பாடிப் பக்கத்துத் தோப்புக் காய்கள் அவனுக்கு வரும். கடைவீதிக்குப் போனவளை மறித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். ஏசி போட்ட அறை, கூடைகளில் குண்டு, நடுச்சாலை ரக மாங்காய்கள், மூலையில் பால்கேன் உயரத்தில் ஒரு பெட்டி. அதில் ஊற்றுகிற திரவத்தை மூடி திறந்து என் மூக்கருகே நீட்டினான். ஊசி போடுமுன் கையில் தேய்க்கிற பஞ்சின் வாசனை.

"ஏன்டா, இது ஸ்பிரிட்டு தானே?"

"ஆமாங்க டீச்சர். நீங்க நடத்துனதுதான். நாந்தான் அன்னைக்குத் தூங்கிட்டேன்."

அந்தப் பெட்டிக்குள் நடப்பது ஆல்கஹாலின் நீர்நீக்க வினை, அதாவது ஆல்கஹாலிலிருந்து தண்ணீரைக் கழற்றுவது. ஸ்பிரிட்டில் இருக்கிற எத்தனால் என்ற ஆல்கஹாலிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்றால் மிஞ்சுவது எத்திலீன், காயைப் பழுக்க வைக்கிற வாயு. மாங்காய் பழுக்கும்போது தானே விடுகிற வாயுவும் அதுவே. நம் தாத்தாக்கள் வாழைத்தாருக்கு மூட்டம் போட்டபோது அந்தப் புகையிலும் இருந்தது. காய் தனக்கு வேண்டிய எத்திலீனை ஆல்கஹாலிலிருந்து எடுப்பதில்லை, மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து எடுக்கிறது. வழி வேறானாலும் கிடைக்கிற மூலக்கூறு ஒன்றுதான்.

கார்பைடு கல்லோ ஈரம் பட்டால் அசிட்டிலீன் என்ற வேறு வாயுவைத்தான் விடும். கடையில் விற்கிற கல்லில் ஆர்சனிக்கும் பாஸ்பரசும் ஒட்டிக்கொண்டு வரும், அவற்றின் நச்சு வாயுக்களும் சேர்ந்து கிளம்பும். 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் அதைத் தடை செய்திருக்கின்றன. எத்திலீன் வாயுவுக்கு 2016 முதல் 100 பிபிஎம் வரை, அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு வரை, அனுமதி உண்டு. இரண்டையும் 'கெமிக்கல்' என்ற ஒரே சாக்கில் கட்டிப் போட்டது நியாயமில்லை.

கட்டுரையில் இன்னொரு வரி: 'அமிலம் தண்ணீரை உறிஞ்சிவிடுவதால் வாயு உண்டாகிறது'. உங்கள் கட்டுரையாளரை மட்டும் சொல்ல மாட்டேன். பாதி நோட்ஸ்களில் இப்படித்தான் இருக்கிறது. சர்க்கரையில் அடர் கந்தக அமிலத்தை விட்டுக் கரியாகப் பொங்குவதைக் காட்டிவிடுகிறோமா, பிள்ளைகளுக்கு அமிலம் என்றாலே தண்ணீரை உறிஞ்சும் பஞ்சு என்று பதிந்துபோகிறது. அடர் கந்தக அமிலம் தண்ணீரைப் பிடித்துவைக்கும், அது உதவியும் செய்யும். ஆனால் அதன் முதல் வேலை வேறு. ஆல்கஹாலில் இருக்கிற ஓஹெச் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) தானாக வெளியேறாது, கார்பனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அமிலம் தரும் புரோட்டான், அதாவது எலக்ட்ரான் இல்லாத ஹைட்ரஜன், அந்த ஆக்சிஜனில் ஏறி உட்கார்ந்ததும் அது தண்ணீராகிறது, தண்ணீராகச் சுலபமாகக் கிளம்பிவிடுகிறது. பக்கத்துக் கார்பன் ஒரு ஹைட்ரஜனைப் புரோட்டானாக விட்டுக்கொடுக்க, இரட்டைப் பிணைப்பு விழுகிறது. அமிலம் கொடுத்த புரோட்டான் கணக்கில் திரும்பிவிட்டது. தான் செலவாகாமல் வினையை வேகப்படுத்துகிறது, அதனால்தான் அதை வினைவேகமாற்றி என்கிறோம்.

மண்டிப் பெட்டியில் கந்தக அமிலம் கிடையாது. இந்த மாதிரிப் பெட்டிகளில் வழக்கமாக இருப்பது அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) போன்ற திண்ம வினைவேகமாற்றி. அதன் பரப்பே அமிலம் போல நடந்துகொள்ளும். ஏறத்தாழ 350 டிகிரி சூட்டில் ஆல்கஹால் ஆவி அதன்மேல் போகும்போது எத்திலீனும் நீராவியும் சேர்ந்தே வெளியே வருகின்றன. பஞ்சு மாதிரி உறிஞ்சுவதுதான் வேலை என்றால் அது ஒரு நாளில் ஊறிப்போய் நின்றிருக்காதா?

இந்த வினையில் சூடுதான் எல்லாம். அடர் கந்தக அமிலத்தோடு 170 டிகிரியில் எத்திலீன் தருகிற அதே எத்தனால், 140-இல் எளிதில் தீப்பற்றும் ஈதர் தரும். ஒருமுறை வகுப்பில் செய்துகாட்டும்போது காஸ் குறைந்து பர்னர் சுணங்கிவிட்டது. தெர்மாமீட்டரைப் பார்க்காமல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே பேசினேன். எத்திலீன் வந்தால் நிறம் போயிருக்க வேண்டிய புரோமின் நீர் நிறம் மாறாமல் நின்றது, அறை முழுக்க ஆபரேஷன் தியேட்டர் வாசனை. எல்லா பர்னரையும் அணைத்து, ஜன்னலைத் திறந்து, நாற்பது பிள்ளைகளையும் வெளியே அனுப்பினேன். ஈதர் தீப்பற்றினால் என்ன ஆகும் என்று இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. அலுமினாவிலும் சூடு குறைந்தால் ஈதர் வரும். உங்கள் நிருபர் மண்டிக்காரரிடம் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்: பெட்டிக்குள் சூடு எத்தனை, அறையில் வாயுவை அளக்கிற மீட்டர் இருக்கிறதா?

அளவும் சொல்கிறேன். 20 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயர அறையில் 100 பிபிஎம் வர ஆறு லிட்டருக்கும் குறைவான எத்திலீன் போதும். அதற்குத் தேவையான சுத்த ஆல்கஹால் சுமார் 14 மில்லி, அதாவது இருமல் மருந்து மூடி ஒன்றரை. கசிவுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். கேன் கேனாக ஊற்றுகிறார்கள் என்றால் ஒன்று கதவு சரியில்லை, அல்லது கணக்கு சரியில்லை.

என் கோபம் வேறு இடத்தில். முற்றாத காயை விலைக்கு ஆசைப்பட்டு முன்கூட்டியே பறித்துவிட்டால் எத்திலீன் தோலை மஞ்சளாக்கும், ருசியைக் கொண்டுவராது. இந்த வருஷம் நான் வாங்கிய இமாம்பசந்த் வெளியே தங்கம், உள்ளே வெள்ளரிக்காய். அதற்கு அந்தப் பெட்டி என்ன செய்யும்? தோப்பில் பறித்த தேதியைக் கேட்டு ஒரு கட்டுரை போடுங்கள், நானும் கூட வருகிறேன்.

படக்குறிப்பை மட்டும் அடுத்த இதழிலேயே திருத்திவிடுங்கள். என் மாணவன் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கல்லாவில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் புலம்பிக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.