அவசரப்பட்டு லேப்டாப்பை மாற்றாதே

அன்புள்ள நண்பா,

நலம். வீட்டிலும் நலம், அம்மாவுக்கு அந்த முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. விசாரிப்பு முடிந்தது, இனி சண்டை.

லேப்டாப் ஊர்கிறது, புதிதாக வாங்கப்போகிறேன் என்று வாத்தியாரிடம் சொன்னாயாமே? மவுஸில் வலது பட்டன் எதற்கு என்று இன்றுவரை தெரியாத மனிதரிடமா யோசனை கேட்பாய்? என் ஞாபகமே வரவில்லையா?

முதலில் நீ வழக்கமாகத் திறந்துவைக்கும் எல்லாவற்றையும் திற. மூடவே மனசு வராத அந்தப் பிரௌசர் டேப்களையும் சேர்த்துத்தான். அப்புறம் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் மெமரியைப் பார். ரேம் என்பதும் அதுதான், திறந்திருப்பதையெல்லாம் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம். 8 ஜிபியில் ஏழரை போய்விட்டது என்று காட்டினால் நோய் அதுதான். ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் அதிலிருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளும், தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். டிஸ்க் வேகமான எஸ்எஸ்டி வகையே ஆனாலும் ரேமுக்கு முன்னால் அது மிக மெதுவு. பாதிதான் நிறைந்திருக்கிறது என்றால் ரேம் வாங்குவது வீண்செலவு; கோளாறு வேறெங்கோ.

அதே பக்கத்தின் கீழே ரேமின் வேகம், ரேம் செருகும் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது, என்ன வகை என்று எல்லாம் இருக்கும். சோடிம் (தனியாகச் செருகும் சின்ன ரேம் அட்டை) என்றிருந்தால் கழற்றி மாட்டலாம். ரோ ஆஃப் சிப்ஸ் என்றிருந்தால் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்தது, கை வைக்க முடியாது. இதை நினைத்தாலே எனக்கு எரிச்சல். மெலிசாக வேண்டும், பேட்டரி நிற்க வேண்டும் என்று எல்பிடிடிஆர் என்ற, குறைவாக மின்சாரம் தின்னும் ரேமைப் பற்றவைத்து விற்கிறார்கள். வாங்கும் அன்றே அதன் ஆயுசுக்கும் எவ்வளவு வேண்டும் என்று நீ ஜோசியம் பார்க்க வேண்டும். எல்பிடிடிஆரையும் ஸ்குரூ போட்டு மாட்டும்படி கேம்2 என்ற தரத்தை மெமரிக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்டது. புது லேப்டாப் வாங்கியே தீருவேன் என்றால் அதையாவது விசாரி.

உன்னுடையது 2019இல் வாங்கியது, அநேகமாக டிடிஆர்4 தலைமுறை ரேம். மலிவாகக் கிடைக்கிறதே என்று டிடிஆர்3, டிடிஆர்5 எதையும் வாங்கிவிடாதே. செருகும் விளிம்பில் இருக்கும் வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருப்பதால் உள்ளேயே போகாது. நீ அழுத்திப் பார்க்கும் ஆள் என்பதால் சொல்கிறேன்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஒரே 16 ஜிபி போடுவதைவிட இரண்டு 8 ஜிபி மேல். ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே தரவு ஓடும் பாதைதான் சேனல்; ஒவ்வொன்றும் 64 பிட் அகலம். இரண்டிலும் ரேம் இருந்தால் 128 பிட்டாக ஒரே நேரத்தில் ஓடும். உன் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, திரைக்கான வேலைக்கும் இதே ரேமைத்தான் அது பங்கு கேட்கிறது. அதனால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஒரு ஸ்லாட் காலி என்றால் இருப்பதைப் போலவே இன்னொரு 8 போடு, விஷயம் முடிந்தது. 8க்குப் பக்கத்தில் 16 போட்டாலும் ஓடும். பெரும்பாலான இயந்திரங்களில் 16 ஜிபி வரை இரட்டைச் சேனலாகவும் மிச்ச 8 ஒற்றையாகவும் போகும், அவ்வளவுதான். வேகம் வேறுவேறாக இருந்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும்.

சிஎல் என்று ஒரு எண் போட்டிருக்கும், கேட்டதைக் கொடுக்க ரேம் எத்தனை துடிப்பு எடுத்துக்கொள்ளும் என்ற கணக்கு. அதைப் பார்த்துப் பயப்படாதே. 2400 வேக ரேமில் சிஎல் 17, 3200இல் சிஎல் 22. கணக்குப் போட்டால் முதலாவது 14.2 நானோ செகண்ட், இரண்டாவது 13.75. எண் பெரிசாகியும் காத்திருப்பு கூடவில்லை. 64 ஜிபி ஆசையையும் விடு. நீ வீடியோ எடிட்டிங்கா செய்கிறாய், நாவல்தானே எழுதுகிறாய்? 16 தாராளம்.

நாவல் என்றதும் ஒன்று, இது விளையாட்டில்லை. கழற்றுவதற்கு முன் அதை வெளியே ஒரு காப்பி எடுத்துவை. பழுதான ரேம் சத்தமே போடாது. ஒரு பிட் மாறிப்போய், நீ சேமிக்கும்போது அந்தத் தப்போடு கோப்பு டிஸ்க்கில் போய் உட்காரும். எந்த மென்பொருளும் எச்சரிக்காது. புதிய ரேமைப் போட்டதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடு. ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடு. இத்தனை வருஷம் எழுதியது, நம்மில் வேறு யாருக்கும் வாய்க்காதது. அதை இழந்துவிட்டு என்னிடம் வந்து நிற்காதே.

மாட்டும்போது சார்ஜரைப் பிடுங்கு, உள்ளே பேட்டரி இணைப்பையும் எடு. ரேமை ஓரத்தில் பிடித்து, சாய்வாக, தங்க நிறப் பட்டை மறையும்வரை செருகிவிட்டுக் கீழே அமுக்கு. இரண்டு பக்கக் கொக்கியும் க்ளிக் என்று பிடிக்க வேண்டும். ஸ்குரூக்கள் ஒரே நீளம் இருக்காது, எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று காகிதத்தில் குறித்துவை. எல்லாம் மூடிய பிறகு இரண்டு மிச்சமிருந்தால் வாத்தியாரைக் கேள்.

உன்,
நெட்டையன்