122 அடிக் குளமும் ஒரு டிபக்கரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த மார்கழியில் மழை விடாமல் அடித்த கிழமை உங்கள் பத்திரிகையில் வன்னிக் குளங்களின் நீர்மட்டப் பட்டியல் வந்திருந்தது. அதில் எங்கள் பக்கத்துச் சின்னக் குளம் ஒன்றுக்கு 122 அடி என்று அச்சாகியிருந்தது. உண்மையில் 12 அடி 2 அங்குலம், யாரோ அவசரத்தில் நெருக்கிவிட்டார்கள், நடக்கிறதுதான். தேத்தண்ணிக் கடையில் பேப்பரை விரித்த ஒரு கமக்கார ஐயா கண்ணாடிகூடப் போடாமல் அதைப் பிடித்துவிட்டார். "பெரிய குளம் இரணைமடுவே முப்பத்தாறு அடிதான், உதுக்கு நூற்றிருபத்திரண்டோ? அப்ப நாங்கள் தண்ணிக்குள்ளை இருந்துதான் தேத்தண்ணி குடிக்கிறம்" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு.

திருத்தம் போடச் சொல்லி இதை எழுதவில்லை, வெள்ளமும் வடிந்து அறுவடையும் முடிந்துவிட்டது. அதே ஐயாதான் அதற்கு நாலு மாதத்துக்கு முன் என்னுடைய புரோகிராமில் இருந்த வழு ஒன்றையும் இப்படியே ஒரு பார்வையில் பிடித்துத் தந்தவர், அவருக்குப் புரோகிராம் என்றால் என்னவென்று தெரியாது. வழுத் தேடும் டிபக்கர் என்ற கருவியை வைத்து அது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் ஞாயிறு மாணவர் பக்கத்தில் கணினி என்று வந்தால் எந்தப் படிப்பு, எந்த வேலை, எவ்வளவு சம்பளம் என்பதோடு நின்றுவிடுகிறது. கையிலிருக்கும் கருவியை எப்படிப் பிடிப்பது என்றும் இடைக்கிடை யாராவது எழுதினால் என்ன?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கமக்காரர் அமைப்புக்காகக் குளத்துத் துருசுக்கு (தண்ணீர் திறந்துவிடும் மதகுக்கு) மேலே ஒரு சென்சர் வைத்திருக்கிறோம். அது அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் மட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து சிம் வழியாக அனுப்பும், அமைப்பின் அறையில் கிடக்கும் பழைய மடிகணினியில் நான் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய புரோகிராம் அதை வாங்கிச் சேர்த்துவைக்கும். ஒரு நாளைக்கு 48 அளவு. ஆவணி மாதம் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போன நேரம் அது தப்புத் தப்பாக எச்சரிக்கை அனுப்பத் தொடங்கியது, குளம் நிரம்பி வழிகிறது என்று. குளத்துக்குள் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

இப்படியான நேரத்தில் நாங்கள் எல்லோரும் செய்வது புரோகிராமுக்குள் பத்து இடத்தில் பிரின்ட் வரி போட்டுவிட்டுத் திரும்ப ஓடவிடுவதுதான். படிக்கும்போது எனக்கும் அதைத்தான் காட்டித் தந்தார்கள். டிபக்கர் என்று ஒன்று இருக்கிறது, ஓடும் புரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம் என்பதைப் பரீட்சைக்கு ஒரு வரியாகப் பாடமாக்கியதோடு சரி. இந்தமுறை ஜி.டி.பி. என்ற டிபக்கரைத் திறந்தேன். திறந்து அந்த அளவுகளைக் காட்டச் சொன்னால் மட்டம் 26, நிலை 3, நேரம் என்று 1970இலிருந்து எண்ணிய வினாடிகளில் ஒரு பத்து இலக்க எண், அடுத்தது, அதற்கடுத்தது என்று திரை நிரம்ப எண்ணாகக் கொட்டியது. அதற்குள் 65516 என்று ஒன்று இருந்ததை நான் மூன்று தரம் பார்த்திருக்கிறேன். மூன்று தரமும் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது.

ஜி.டி.பி. பழைய கருவி, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் தொடக்கியது. அதற்குள் பைதன் மொழியில் ஸ்கிரிப்ட் என்ற சின்னப் புரோகிராம் எழுதி, நம்முடைய தரவுகளை நம் விருப்பப்படி காட்டச் சொல்லும் வசதி 2009 ஒக்டோபரில் 7.0 பதிப்போடு வந்தது. (அந்த ஒக்டோபரில் எங்கள் சனத்தில் பெரும்பங்கு போர் முடிந்து செட்டிகுளம் முகாமில் முள்வேலிக்குள் இருந்தது. அந்த நேரத்தில் உலகத்தில் வந்த எத்தனையோ விஷயங்களைப்போல இதுவும் எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது.) அங்கே இதற்கு ப்ரிட்டி பிரின்டர் என்று பேர். அழகாக அச்சிடுவது என்று அர்த்தம் வருகிறது, அழகுக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை என்பது என் எண்ணம். தரவைத் தெரிந்தவன் சொல்லும் சொல்லிலேயே தரவைக் காட்டுவதுதான் இதன் வேலை.

எப்படி நடக்கிறது என்றால், ஒரு பெறுமானத்தைத் திரையில் காட்டுவதற்கு முன் டிபக்கர் தன்னிடமுள்ள சார்புகளின் (ஒரு வேலையைச் செய்யும் புரோகிராம் துண்டுகளின்) பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்கும், இது இன்ன வகைத் தரவு, உன்னால் காட்ட முடியுமா என்று. முடியாது என்றால் பைதனில் ஒன்றுமில்லை என்று அர்த்தப்படும் நன் என்பதைத் திருப்பினால் போதும், அடுத்ததிடம் போகும். முடியும் என்று சொல்கிற சார்பு ஒரு பொருளை உருவாக்கிக் கொடுக்கும். அந்தப் பொருளுக்குள் டு ஸ்டிரிங் என்று ஒரு சார்பு எழுதினால் அது திருப்புகிற எழுத்துச் சரம்தான் திரையில் வரும். ஒரு பட்டியலைக் காட்டவேண்டுமென்றால் சில்ட்ரன் என்று இன்னொன்று எழுதவேண்டும், உள்ளே இருக்கும் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பது அதன் பொறுப்பு. ஒருவரும் கை தூக்கவில்லையென்றால் டிபக்கர் பழையபடி எண்களைக் கொட்டும். இவ்வளவுதான் கதை. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் எடுக்கும் பிள்ளைக்குப் பைதன் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது, அதில் கிளாஸ் என்ற வகுப்பு எழுதுவதை மட்டும் ஒரு பின்னேரம் உட்கார்ந்து பார்த்தால் இது எட்டாத விஷயமில்லை.

நான் எழுதியது பதினைந்து வரி வரும். மில்லிமீற்றரை 304.8ஆல் பிரித்து அடி, மிச்சத்தை அங்குலம். நிலை என்ற எண்ணில் முதல் பிற் (0 அல்லது 1 நிற்கும் இடம்) ஏறியிருந்தால் பற்றரி குறைவு, இரண்டாவது ஏறியிருந்தால் சிக்னல் பலவீனம். வினாடிக் கணக்கைத் திகதியாக மாற்றி முன்னால் போட்டேன். சோர்ஸ் என்ற கட்டளையால் அந்தக் கோப்பை ஏற்றிவிட்டு மறுபடி காட்டச் சொன்னேன். 26 என்று இருந்த இடத்தில் 0 அடி 1 அங்குலம் என்று வந்தது, பக்கத்தில் பற்றரி குறைவு, சிக்னல் பலவீனம் என்று தமிழிலேயே. கட்டளை எழுதும் டேர்மினல் திரை, எல்லா மொழி எழுத்தையும் குறிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் இருந்தால் தமிழ் ஒழுங்காக வரும்.

கணக்கு எழுத வந்திருந்த ஐயா பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர், "தம்பி, உதென்ன இருநூற்றுப் பதினாலு அடி?" என்று கேட்டார்.

65516 மில்லிமீற்றர் என்றால் 214 அடி 11 அங்குலம். அது எங்கிருந்து வந்ததென்றால், துருசின் அடிப்படியைத்தான் நாங்கள் பூச்சியமாக வைத்திருந்தோம், கோடையில் தண்ணீர் அதற்கும் கீழே 20 மில்லிமீற்றர் இறங்கிவிட்டது. அதாவது கழித்தல் 20. நானோ அந்த மாறியைக் குறியில்லாத 16 பிற் எண்ணாக, அதாவது கழித்தலை ஏற்காமல் 0 முதல் 65535 வரை மட்டும் கொள்வதாக அறிவித்து வைத்திருந்தேன். 65536இலிருந்து 20ஐக் கழித்துப் பாருங்கள். குளத்தில் தண்ணி கழித்தலில் போகும் என்று எனக்கு யோசனை வரவில்லை, ஐயாவிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார், துருசால் வராத தண்ணிதானே கோடையில் மாட்டுக்கு. திருத்தியது ஒரு சொல். தேடியது ஆறு நாள்.

அதற்குப் பிறகு ருசி பிடித்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். 48 அளவையும் நான் வளையம்போலச் சுற்றிச் சுற்றி எழுதும் அணியில் (பெறுமான வரிசையில்) வைத்திருக்கிறேன், ஆகவே டிபக்கர் அணியின் தொடக்கத்திலிருந்து காட்டினால் இன்று காலை முதலில் வரும், நேற்றுப் பின்னேரம் நடுவில் வரும். சில்ட்ரன் சார்பில் நாலு வரி மாற்றி நேர ஒழுங்கில் வரச் செய்தேன். அப்புறம் புரோகிராமில் நான் போட்டுவைத்திருந்த குளங்களின் பெயர். தமிழ்க் குறியீடுகளுக்கு யூ.டி.எஃப்-8இல் தலைக்கு 3 பைற், பைற் என்பது கணினி நினைவகத்தின் ஓர் அலகு. குளம் என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து, உள்ளே ஐந்து குறியீடு, 15 பைற். லோகேல் என்ற மொழி அமைப்பு சரியாக வைக்கப்படாத அந்த மடிகணினியில் ஜி.டி.பி. அதை 340, 256, 225 என்று எட்டின் அடிமான எண்களாகக் காட்டும், எந்தக் குளம் என்று சாத்திரிதான் சொல்லவேண்டும். லோகேலைத் திருத்திவிட்டு, பெயரோடு அதன் பைற் எண்ணிக்கையையும் காட்டும்படி எழுதினேன். இரணைமடு, 21 பைற், சரி. அடுத்த வரியில் முத்தையன்க என்று வந்து ஓர் உடைந்த குறியோடு நின்றது. முத்தையன்கட்டு என்பதற்கு 42 பைற் வேண்டும், பெயருக்கு நான் ஒதுக்கியிருந்தது 32. ஆங்கிலப் புத்தகத்தில் பெயருக்கு 32 போட்டிருந்ததைப் பார்த்து அப்படியே போட்ட என் கைவேலை. வவுனிக்குளத்துக்கும் 36 வேண்டும், அதுவும் வெட்டுப்பட்டுக் கிடந்தது. தமிழில் தரவு வைத்திருக்கும் எவரும் இந்த இடத்தில் ஒருமுறையாவது விழுவார்கள்.

இனி இதன் மறுபக்கம். இந்த ஸ்கிரிப்ட் பொய்யும் சொல்லும். கார்த்திகையில் சென்சரை மாற்றினோம், புதியது சென்ரிமீற்றரில் அனுப்புவது. புரோகிராமை மாற்றினேன், ஸ்கிரிப்டை மறந்துவிட்டேன். அது பாட்டுக்கு 284ஐயும் 304.8ஆல் பிரித்து 0 அடி 11 அங்குலம் என்று வடிவாகத் தமிழில் காட்டியது. குளம் ஒன்பது அடியைத் தாண்டி நிற்கிறது, இது முழங்காலுக்கும் வராத தண்ணி என்கிறது. இரண்டு இரவு சென்சரைத் திட்டினேன். பிரின்ட் கட்டளைக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் ஆர் எழுத்தும் போட்டால் டிபக்கர் எந்த ஸ்கிரிப்டையும் கேட்காமல் உள்ளதை உள்ளபடி காட்டும், அது எனக்குத் தெரிந்திருந்தும் மூன்றாம் நாள்தான் கை போனது. இப்போது ஸ்கிரிப்டும் புரோகிராமும் ஒரே கோப்புறையில் இருக்கின்றன, ஒன்றைத் தொட்டால் மற்றதையும் திறந்து பார்க்கிறேன்.

பிள்ளைகள் செய்து பார்ப்பதானால் இன்னும் ஒன்றிரண்டு சொல்லவேண்டும். டிபக்கர் புரோகிராமை நிறுத்தும் இடத்தில் மாறிக்கு இன்னும் பெறுமானமே வைக்கப்படாமல் இருக்கலாம், உள்ளே குப்பைதான் இருக்கும். அந்தக் குப்பை எண்ணை நீளம் என்று நம்பிச் சுற்றத் தொடங்கினால் ஸ்கிரிப்ட் விடியும்வரை சுற்றும். ஆகவே உறுப்புகளை முழுக்கச் சேர்த்து ஒரேயடியாகக் கொடுக்காமல் பைதனின் யீல்ட் என்ற சொல்லைப் போட்டு ஒவ்வொன்றாகக் கொடுங்கள், ஜி.டி.பி. வழக்கமாக 200 உறுப்போடு தானே நிறுத்திக்கொள்ளும். காட்டுவதற்காகப் புரோகிராமின் சார்புகளைக் கூப்பிடவும் வேண்டாம், பார்க்கப் போய் உள்ளிருப்பதை மாற்றிவிடும் ஆபத்து இருக்கிறது, செத்துப்போன புரோகிராமின் கோர் கோப்பை (சாகும்போது நினைவகத்தில் இருந்ததன் பதிவை) திறந்தால் அங்கே கூப்பிட ஆளும் இல்லை. ஸ்கிரிப்ட் தானாக ஏறும்படி புரோகிராமின் பெயரோடு சேர்த்துக் கோப்புக்குப் பெயர் வைக்கலாம். முதல்தடவை டிபக்கர் மறுக்கும், பாதுகாப்பான பாதையில் இல்லை என்று சொல்லும், கோபிக்கவேண்டாம், முன்பின் தெரியாதவனின் புரோகிராமைத் திறந்தவுடன் அவன் ஸ்கிரிப்ட் உங்கள் கணினியில் ஓடாமல் இருக்கத்தான் அந்தக் கதவு. உங்கள் கோப்புறையை அந்தப் பாதையில் நீங்களே சேர்த்துவிடலாம். புரோகிராம் எழுத வி.எஸ். கோட் என்ற மென்பொருளைப் பாவிப்பவர்களுக்கு ப்ரிட்டி பிரின்டிங் இயக்கும் வரி, புரோகிராமை ஓட்டும் அமைப்புக் கோப்பில் இருந்தால் சரி, மாறியின் மேல் எலியை வைத்தாலே அடியும் அங்குலமும் வரும். அப்பிள்காரரிடம் எல்.எல்.டி.பி. என்ற டிபக்கர் இருக்கிறது, அதில் சின்ன விஷயங்களுக்குப் பைதன்கூடத் தேவையில்லை, ஒரு வரிக் கட்டளை போதும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பீடங்களிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் தம்பி தங்கைகள் இதைவிட நன்றாகச் செய்வார்கள், சிலர் ஏற்கெனவே செய்துகொண்டும் இருக்கலாம். நான் யோசிப்பது உயர்தரப் பிள்ளைகளையும் ரியூட்டறியில் புரோகிராம் பழகும் பிள்ளைகளையும். கருவி எல்லாம் ஆங்கிலம், எங்களுக்கு எங்கே என்று ஒதுங்கும் பிள்ளைக்குத் தான் எழுதிய பதினைந்து வரியால் டிபக்கர் தமிழில் பதில் சொல்வதைக் காட்டிப் பாருங்கள், அந்த முகத்தை நான் எங்கள் அமைப்பின் அறையில் இரண்டு தரம் பார்த்துவிட்டேன்.

மாணவர் பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்கினால் அந்தப் பதினைந்து வரியையும் விளக்கத்தோடு எழுதி அனுப்புகிறேன், காசு வேண்டாம். ஒரு வேண்டுகோள் மட்டும். பைதனில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிதான் இலக்கணம், எது எதற்குள் அடங்கும் என்பதை அதை வைத்துத்தான் அது தெரிந்துகொள்ளும். பக்கம் கட்டும்போது இடம் போதவில்லை என்று அதை நெருக்கிவிடாதீர்கள். 122 அடியைச் சிரித்துக் கடந்தோம், பைதன் ஒரு வரிகூட ஓடாமல் மறுத்துவிடும்.

இப்படிக்கு,
வாசகன்,
பரந்தன்.