மைதானப் புனரமைப்புப் பணி நிறைவு: அங்கத்தவர்களுக்கான அறிக்கை

கழக அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொழும்பு முகத்துவாரத்தில் உள்ள நம் உதைபந்தாட்ட மைதானத்தில் நீர்வடிகால் வேலையும் புதிய பார்வையாளர் அரங்கும் முடிந்துவிட்டன. சேர்ந்த பணத்தில் பெரும்பங்கு மண்ணுக்குள்தான் போயிருக்கிறது. ஆயிரம் பேர் இருக்கக்கூடிய அரங்கை எதிர்பார்த்தவர்களுக்கு அதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் ஒரு மணிநேரம் இடிமழை பெய்தால் கோல் வாசலில் தண்ணீர் தேங்கி ஆட்டமே நின்றுவிடும். அப்படிப்பட்ட களத்தைச் சுற்றி எத்தனை ஆசனம் போட்டும் பயனில்லை.

களம் 100க்கு 64 மீற்றர். சர்வதேச ஆட்டத்துக்கு விதி கேட்கும் ஆகக் குறைந்த அளவு இது. அரங்குக்காக இதில் ஓரடிகூட விட்டுக்கொடுக்கவில்லை. கோலுக்குக் கோல் போகும் நடு அச்சை 25 செ.மீ. உயர்த்தி, இரு பக்கமும் சரிவு கொடுத்திருக்கிறோம். கீழே 5 மீற்றர் இடைவெளியில் 20 குறுக்கு வாய்க்கால்கள், 60 செ.மீ. ஆழம், 25 செ.மீ. அகலம். அடியில் துளையிட்ட 110 மி.மீ. பீவீசி குழாய், மொத்தம் 1,280 மீற்றர். அதைச் சுற்றி முக்கால் அங்குலச் சல்லி ஏறத்தாழ 40 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), மேல் 15 செ.மீ. பருமணல்.

முதலில் இறங்கிய சல்லியில் கல்தூள் கலந்திருந்தது. இரண்டு மழைக்குள் அந்தத் தூள் துளைகளின் மேல் சீமெந்து பூசியதுபோல் இறுகிவிடும். லோடைத் திருப்பி அனுப்பி, கழுவிய சல்லி வாங்கினோம். வடிகட்டித் துணியையும் குழாயில் சுற்றவில்லை. சுற்றினால் களி துணியிலேயே படிந்து அடைத்துக்கொள்ளும். வாய்க்காலின் பக்கச் சுவரில் விரித்ததால் தண்ணீர் புக அகலமான பரப்புக் கிடைக்கிறது.

மேல்பரப்புக்கு 5 செ.மீ. மணல், 110 கியூபுக்கு மேல். ஆற்றுமணல் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. முத்துராஜவெலக் கடல்மணலைக் கழுவிப் போட்டோம். அறுகம்புல் ஓரளவு உப்பைத் தாங்கும், கொங்கிறீற்றுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி தாங்காது. அதனால் இந்த மணலில் ஒரு கூடைகூடக் கொங்கிறீற்றுக்குப் போகாதபடி தனியே குவித்து வைத்திருந்தோம்.

குழாய்த் தண்ணீர் தெருக்கானுக்குள் விழும் வெளிவாய்தான் எங்களுக்கு அதிக கவலை தந்தது. கொழும்பின் கால்வாய்கள் கடல்மட்டத்தை ஒட்டியவை. பெருமழையில் தெருக்கானு நிரம்பினால் அந்த நீர் குழாய்வழியே திரும்பிக் களத்துக்குள் ஏறும். கடைசிக் குழியில் ஒருவழிக் கதவு பொருத்தியிருக்கிறோம். அதன் இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் போத்தல் சிக்கினாலும் கதவு மூடாது. மாதம் ஒருமுறை அந்தக் குழியைத் திறந்து துப்புரவாக்கியே ஆகவேண்டும்.

அரங்கு 40 மீற்றர் நீளம், ஏழு வரிசை. 1.2 மீற்றர் அகலமான இரண்டு படிவழிகள் போக, ஆளுக்கு 50 செ.மீ. வீதம் வரிசைக்கு 75 பேர், மொத்தம் 525. ஆளுக்கு 45 செ.மீ. ஆக்கினால் ஐம்பது பேரளவில் கூட்டலாம் என்ற யோசனை வந்தது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு தொண்ணூறு நிமிடம் இருக்க முடியாது என்று அதை ஏற்கவில்லை. சுகததாச அரங்கில் ஓட்டப்பாதைக்கு அப்பாலிருந்து பார்க்கவேண்டும். இங்கே முன்வரிசையிலிருந்து பக்கக்கோட்டுக்கு 6 மீற்றர்தான். அந்தக் கோட்டை முன்னால் இருப்பவரின் தலை மறைக்காதபடி வரிசைக்கு வரிசை 40 செ.மீ. உயரம் வைத்தோம்.

கூரைச் சட்டங்கள் எல்லாம் துத்தநாகத்தில் தோய்த்த இரும்பு, போல்ட் போட்டுப் பூட்டியவை. மைதானத்தில் வைத்து வெல்டிங் செய்தால் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். கடற்காற்றில் முதலில் துருப்பிடிப்பது அந்த இடம்தான். இனி யாரும் பதாகை கட்ட அந்தச் சட்டங்களில் துளை போடவேண்டாம் என்று கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறோம். முன்பக்கம் திறந்த கூரையைக் காற்று கீழிருந்து மேலே தூக்கும் என்பதால் தூண்களின் அடிப்போல்ட்டுகளை ஆண்டுதோறும் முறுக்கிப் பார்க்கவேண்டும்.

அனுமதித்த வரைபடத்தின்படி கட்டப்பட்டிருக்கிறது என்ற இணக்கச் சான்றிதழ் கைக்கு வரும்வரை அரங்கில் யாரையும் இருத்தமாட்டோம். பற்றுச்சீட்டுகள் கழக அலுவலகத்தில் இருக்கின்றன. எந்த அங்கத்தவரும் வந்து பார்க்கலாம்.

புல்லை 3 செ.மீ.க்குக் கீழ் வெட்டவேண்டாம். சப்பாத்துத் தடத்தில் தண்ணீர் ஊறினால் அன்று பயிற்சி இல்லை, சிறுவர் அணிக்கும் இல்லை.

மின்விளக்குக் கம்பங்கள் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வயர் போகும் குழாய்களை அரங்கின் கீழ் இப்போதே புதைத்துவிட்டதால் பிறகு தோண்ட வேண்டியதில்லை. ஆனால் விளக்கு வந்தால் இரவிலும் களத்தில் கால் படும். புல் வேர்பிடித்து ஒரு தென்மேற்குப் பருவமழையைத் தாண்டும்வரை அந்த வேலையைத் தள்ளிவைக்குமாறு பொதுக்கூட்டத்தில் குழு பிரேரிக்கும்.

புனரமைப்புக் குழு