தபால் ஊழியர் சேர்த்த ஓவியங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நவீன ஓவியம் வாங்குவதெல்லாம் கோடீஸ்வரர்கள் வேலை என்று நம் பக்கம் ஒரு நினைப்பு இருக்கிறது. அது சரியில்லை. நியூயார்க்கில் ஹெர்பர்ட் வோகல் என்று ஒருவர், தபால் பிரிக்கிற ஊழியர், மனைவி டோரத்தி நூலகர். மனைவி சம்பளத்தில் வீட்டுச் செலவு, கணவர் சம்பளத்தில் ஓவியம் என்றே காலம் ஓட்டினார்கள். விலை கட்டுப்படியாக வேண்டும், ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அப்படிச் சேர்ந்தது 4,000-க்கும் மேல்! விற்றிருந்தால் பெரும் பணக்காரர்கள். ஆனால் 1992-இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குத் தருவதாக அறிவித்தார்கள், அப்புறம் 2008-இல் அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் தலா 50 படைப்புகள் என்று பிரித்துக் கொடுத்தார்கள்.

ராமநாதபுரத்தில் சேதுபதிகள் விட்டுப்போன ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவரோவியங்கள் இருக்கின்றன. அதற்கப்புறம்? கீழக்கரை, தொண்டி பக்கம் வெளிநாட்டில் சம்பாதித்துப் பள்ளிக்கூடத்துக்கு அள்ளிக் கொடுக்கிறவர்களுக்குக் குறைவில்லை (கொடுக்கிற கை நம் ஊரில் எப்போதும் உண்டு), அவர்களில் யாராவது கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் நாலு படம் வாங்கி அந்தப் பள்ளிகளிலேயே மாட்டலாமே. உப்புக்காற்றுக்குக் கண்ணாடிச் சட்டம் போடாமல் விடாதீர்கள், அதற்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தேவிபட்டினம்